கடலே இல்லாத புதுக்கோட்டைக்குக் கடல் வந்த கதை

"புதுக்கோட்டை மாவட்ட மீனவர்கள் கைது." டிவியில் கீழே ஓடுகிற வரியில் இது அடிக்கடி வந்துவிட்டுப் போகிறது. வரும்போதெல்லாம் சென்னையில் நம்ம பக்கத்தில் இருக்கிற யாராவது ஒருத்தர் கேட்பார்: "ஏங்க, புதுக்கோட்டையில ஏது கடல்?"

சிரிக்காதீங்க. கேட்பவர் மேல் தப்பே இல்லை. புதுக்கோட்டை என்றதும் திருமயம் கோட்டையும் சித்தன்னவாசல் ஓவியமும் முந்திரிக்காடும்தான் ஞாபகத்துக்கு வரும். அலையும் வலையும் வராது. நானே கல்யாணம் ஆகிற வரைக்கும் அப்படித்தான். பேராவூரணிப் பக்கம் பெண் எடுத்த பிறகுதான், மாமனார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் "மாப்ளைக்கு மீன் வாங்கியாரணும்" என்று யாராவது வண்டியைக் கட்டுமாவடிக்கு விடுவார்கள். பேராவூரணி தஞ்சாவூர் மாவட்டம். கொஞ்ச தூரம் கடல் பக்கம் போனால் கட்டுமாவடி, அது புதுக்கோட்டை மாவட்டம். மீன் வாங்கப் போய் வந்து வரலாற்றுப் பைத்தியம் பிடித்துக்கொண்டது எனக்கு. அதைத்தான் இங்கே கொட்டுகிறேன். கொஞ்சம் நீளம், டீ ஒன்று போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள் :-)

உப்பு காய்ச்சிய சமஸ்தானம்

முதலில் அந்த "ஏது கடல்" கேள்விக்குப் பதில். தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கு நிஜமாகவே கடல் கிடையாது. நாலு பக்கமும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஜில்லாக்கள். நடுவில் தனக்கென்று அம்மன் காசு அடித்துக்கொண்டு ஒரு தனி ராஜ்ஜியம். கடல் இல்லாத ஊர் உப்புக்கு என்ன செய்யும்? மண்ணிலிருந்து எடுத்தார்கள். உவர்மண்ணைக் கரைத்து வடித்து உப்பு காய்ச்சுவது இந்தப் பகுதியில் நடந்த தொழில். வெள்ளைக்காரன் உப்பைத் தன் ஏகபோகமாக வைத்திருந்த காலம் அது. பக்கத்து சமஸ்தானத்தில் மலிவாக உப்பு காய்ச்சினால் அவனுக்கு வரி நட்டம். 1887-ல் சமஸ்தானத்தோடு பேசி அந்த மண்ணுப்புத் தொழிலையே நிறுத்தவைத்தார்கள். பதிலுக்கு வருஷத்துக்கு 38,000 ரூபாய் நட்ட ஈடு. பணம் போனது தர்பாருக்கு. காய்ச்சியவன் வேறு வேலை தேடிப் போயிருப்பான். இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறு ரூபத்தில் மறுபடியும் வரும்.

1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து, திருச்சி ஜில்லாவின் ஒரு பகுதியானது. அப்போதும் கடல் இல்லை. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் எல்லாம் அறந்தாங்கிச் சீமை. அது தஞ்சாவூர் ஜில்லா. 1974 ஜனவரி 14-ம் தேதி, பொங்கல் சமயத்தில், திருச்சியிலிருந்து பழைய சமஸ்தானப் பகுதியையும் தஞ்சாவூரிலிருந்து அறந்தாங்கிப் பக்கத்தையும் எடுத்து ஒட்டிப் புதுக்கோட்டை மாவட்டம் உண்டாக்கினார்கள். அன்றைக்குத்தான் புதுக்கோட்டைக்கு முதன்முதலாகக் கடல் கிடைத்தது. வடக்கே கட்டுமாவடியில் ஆரம்பித்துத் தெற்கே ராமநாதபுரம் எல்லை வரைக்கும் சுமார் 40 கிலோமீட்டர் கரை. பொங்கல் சீர் மாதிரி ஒரு கடல் :-)

அதே வருஷம் ஜூன் மாசம் அந்தக் கடலின் குறுக்கே ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் கடலைப் பார்த்துவிடலாம்.

குளம் மாதிரி ஒரு கடல்

மெரினாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கட்டுமாவடி ஏமாற்றமாக இருக்கும். பெரிய அலை கிடையாது. வெள்ளை மணல் கிடையாது. சேறும் களியுமாக, முழங்கால் தண்ணியில் கொஞ்ச தூரம் நடந்து போய்த்தான் படகு ஏற வேண்டியிருக்கும். "இதுக்குப் பேரு கடலா, ஏரியா?" என்று என் பெண் கேட்டாள். ராமேஸ்வரம் பக்கத்து ஆட்கள் இந்தப் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் அந்தப் பக்கம் இருக்கிற மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்லுவார்கள். (பாக் என்பது ராபர்ட் பாக் என்கிற வெள்ளைக்காரர். 1763 முதல் 1767 வரை மதராஸில் கவர்னராக இருந்தவர். இந்தக் கடலில் ஒரு நாளாவது மீன் பிடித்திருப்பாரா? பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.)

இந்தக் கடலின் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். வளர்ந்த பனைமரம் ஒன்றை நட்டுவைத்தால் கொண்டை வெளியே தெரியும். ஆழம் இல்லாததால் வெயில் அடிமண் வரைக்கும் இறங்குகிறது. வெயில் இறங்குவதால் அடியில் கடல்புல் வளர்கிறது. ஏக்கர் ஏக்கராகப் புல்வெளி, தண்ணிக்கு அடியில். அந்தப் புல்லில்தான் இறால் குஞ்சு வளரும், நண்டு ஒளியும், ஓரா மீன் மேயும். இந்தக் கடல் சோறு போடுவதற்குக் காரணமே அந்தப் புல்தான். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுமாவடியில் பெரும்பாலும் நாட்டுப்படகுகள். மரவள்ளம் போய் இப்போது பைபர் படகு வந்துவிட்டது, அதன் வாலில் மோட்டார். நண்டு வலை, வழிவலை என்று பருவத்துக்குத் தகுந்தமாதிரி விடுவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியே மீன் வியாபாரம் நடப்பதால், காரில் போகிறவர்கள் நிறுத்தி வாங்கிக்கொண்டு போவதும் உண்டு. சுத்துப்பட்டுக்கெல்லாம் கட்டுமாவடி மீன் என்றால் ஒரு பெயர். பெரிய மீன் ஏலத்தில் போகும், பொடிமீனைக் கூறு வைத்து விற்பார்கள். நீலக்கால் நண்டு நல்ல எடையில் வந்தால் உள்ளூர்க்காரன் கைக்கு வருவது கஷ்டம். அது கம்பெனிக்குப் போய், சதை எடுத்து, டப்பாவில் அடைத்து அமெரிக்கா போகிறது. கரையில் நிற்கிற நமக்கு மத்தி, காரப்பொடி. (புகார் இல்லை. காரப்பொடிக் குழம்புக்கு ஈடு உண்டா?)

விசைப்படகுகள் இருப்பது தெற்கே கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும். டிவியில் ஓடும் வரியில் வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டு ஊர்ப் படகுகளில் போனவர்கள். ஒரே மாவட்டம், ஒரே கடல், பக்கத்துப் பக்கத்து ஊர். ஆனால் இரண்டு தொழிலும் வேறவேற. இந்த வித்தியாசம் சென்னையில் பேப்பர் படிக்கும் நமக்குப் புரிவதே இல்லை. எல்லாரையும் "மீனவர்" என்று ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறோம்.

கோடு இல்லாத காலம்

இந்தக் கரைக்கு வந்துபோனவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. மணமேல்குடியைக் குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் என்று சொல்கிறார்கள், பாண்டியனுக்கு மந்திரியாக இருந்தவர். இன்னொரு பாண்டிய மந்திரியான மாணிக்கவாசகர் கதை எல்லாருக்கும் தெரியும். குதிரை வாங்கிவரச் சொல்லி ராஜா கொடுத்த பணத்தைக் கோயில் கட்டச் செலவு பண்ணிவிட்டார். அப்புறம் நரி பரியானது, பரி நரியானது. அந்தக் கதை நடக்கிற திருப்பெருந்துறைதான் இன்றைய ஆவுடையார்கோயில், இதே மாவட்டம். நான் அந்தக் கதையில் பார்ப்பது வேறொன்றை. மதுரையிலிருந்து ஒரு மந்திரி குதிரை வாங்க ஏன் இந்தப் பக்கம் வரவேண்டும்? குதிரை நம்ம ஊரில் விளைகிற சாமான் இல்லை, கப்பலில்தான் வரவேண்டும். ஊர்ப் பேரிலேயே துறை இருக்கிறது. புராணத்தை நம்புகிறீர்களோ இல்லையோ, "குதிரை கடல்வழியாக இந்தப் பக்கம் வந்து இறங்கும்" என்பது அந்தக் கதையைச் சொன்னவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் சாதாரண விஷயமாக இருந்திருக்கிறது.

19-ம் நூற்றாண்டில் எதிர்ப்பக்கம் போக்குவரத்து. இலங்கையில் காப்பித் தோட்டம் போட்ட வெள்ளைக்காரனுக்குக் கூலியாள் தேவைப்பட்டது. பஞ்சத்தில் அடிபட்ட புதுக்கோட்டை, திருச்சி, ராமநாதபுரம் சீமை ஜனங்கள் நடந்தே கடற்கரைக்கு வந்து, தொண்டி, அம்மாபட்டினம் மாதிரித் துறைகளில் தோணி ஏறினார்கள். அக்கரை இறங்கியதும் மறுபடி நடை, காடு வழியாக மலைநாட்டுக்கு. வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. இன்றைக்கு நுவரெலியாவிலும் ஹட்டனிலும் இருக்கிற மலையகத் தமிழர்களின் பூர்வீகத்தைத் தோண்டினால் அறந்தாங்கிக்கும் ஆலங்குடிக்கும் பக்கத்தில் ஏதாவது ஒரு கிராமம் வந்து நிற்கும்.

1948-ல் இலங்கை குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. நேற்றுவரை சும்மா போய்வந்த கடலுக்குத் திடீரென்று காகிதம் கேட்டார்கள். காகிதம் இல்லாமல் போனவனுக்குக் "கள்ளத்தோணி" என்று பேர். அந்த வார்த்தை அப்புறம் அங்கே இந்திய வம்சாவளித் தமிழர் எல்லாரையும் திட்டுகிற வசவாகவே ஆனது. தோணி அதே தோணிதான். நடுவில் சட்டம் வந்ததும் அது கள்ளத்தோணி.

கோடு

கடலில் கோடு போடுகிற யோசனை புதிசு இல்லை. 1921 அக்டோபரிலேயே மதராஸ் சர்க்காரும் இலங்கை சர்க்காரும் கொழும்பில் உட்கார்ந்து, பாக் விரிகுடாவில் மீன்பிடிக்கு எல்லை வகுப்பது பற்றிப் பேசினார்கள். அப்போது இரண்டு பக்கமும் ஒரே எஜமான், அதனால் அவசரம் இல்லை. அது உறுதியாகாமலே கிடந்தது.

1974 ஜூன் 26-ம் தேதி கொழும்பிலும் 28-ம் தேதி டெல்லியிலும் கையெழுத்தானது இந்திரா காந்தி - சிறிமாவோ பண்டாரநாயக ஒப்பந்தம். கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. 285 ஏக்கர், குடிதண்ணி இல்லை, ஓர் அந்தோணியார் கோயில். அந்த ஒப்பந்தத்திலேயே இரண்டு வாசல் திறந்து வைத்திருந்தார்கள். 5-வது பிரிவில், இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்னே மாதிரியே பயணக் காகிதம் இல்லாமல் கச்சத்தீவு போய்வரலாம். 6-வது பிரிவில், இரண்டு நாட்டுப் படகுகளும் வழக்கமாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கலாம். 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் எல்லை வகுத்தபோது, மார்ச் 23-ம் தேதி இரண்டு நாட்டு அதிகாரிகளும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். உன் கடலில் என் படகு மீன் பிடிக்காது, என் கடலில் உன் படகு பிடிக்காது என்று. அப்போது நாட்டில் எமர்ஜென்சி. ஜனவரி கடைசியில்தான் தமிழ்நாட்டு அரசைக் கலைத்திருந்தார்கள். கேள்வி கேட்க சட்டசபையே இல்லை.

ஆக, ஜனவரியில் கடல் வந்தது, ஜூனில் கோடு வந்தது, ரெண்டு வருஷம் கழித்து வாசலும் மூடியது. புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் ஒரே வயசு.

கச்சத்தீவைப் பற்றித் தேர்தலுக்குத் தேர்தல் பேசுகிறோம். ஜெயலலிதா 2008-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2024 பாராளுமன்றத் தேர்தலில் பிரதமரே பேசினார். 2025 ஏப்ரல் 2-ம் தேதி சட்டசபையில் மீட்கச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். எல்லாம் சரி. ஆனால் நாளைக்கே கச்சத்தீவு நம்ம கைக்கு வந்துவிட்டால் கைது நின்றுவிடுமா என்று கட்டுமாவடியில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். "தீவு கரையிலயா தம்பி மீனு நிக்குது?" என்றார். அவ்வளவுதான் பதில். விசைப்படகு இறாலுக்காகப் போவது கச்சத்தீவைத் தாண்டி, யாழ்ப்பாணத்துக் கரைப்பக்கம். அங்கே ஏன் போகவேண்டியிருக்கிறது என்பதுதான் அசல் கேள்வி.

மடி

பதில் நார்வேயில் இருந்து ஆரம்பிக்கிறது. 1952-ல் நார்வேகாரர்கள் இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டுக் கேரளாவில் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் வேலையை ஆரம்பித்தார்கள். நல்ல எண்ணம்தான். மோட்டார் படகு, ஐஸ் தொழிற்சாலை, ஏழை மீனவனுக்கு முன்னேற்றம். ஆனால் இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விலை இருக்கிறது என்று தெரிந்ததும் கதை மாறிவிட்டது. 60-களில் அதற்குப் பேரே இளஞ்சிவப்புத் தங்கம். அரசே மானியமும் கடனும் கொடுத்து இழுவைப் படகுகளைப் பெருக்கியது. கடலையே பார்க்காதவர்கள்கூட முதல் போட்டு முதலாளி ஆனார்கள்.

இழுவைமடி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு: பெரிய பை மாதிரி வலை. அதன் வாய் விரிந்தே இருக்க ரெண்டு பக்கமும் கனமான பலகை. கீழ்க்கயிற்றில் இரும்புச் சங்கிலி, வலை அடிமண்ணோடு ஒட்டிப்போக. படகு இழுக்க இழுக்க, அடியில் இருக்கிற எல்லாவற்றையும் அந்தப் பை அள்ளிக்கொண்டு வரும். இறால் வரும், நண்டு வரும், குஞ்சு வரும், முட்டை வரும், கடல்புல்லும் வேரோடு வரும். 100 அடிக் கடலில் இதைச் செய்வது ஒன்று. பனைமர ஆழம்கூட இல்லாத பாக் விரிகுடாவில் செய்வது வேறு. வயலை உழலாம், வீட்டு முற்றத்தை உழுதால்?

சரி, அள்ளிவந்த குஞ்சுகுளுவானை என்ன செய்கிறார்கள்? கழிவுமீன் என்று பேர் வைத்து, காயவைத்து, மாவாக்கித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். நான் சென்னையில் உட்கார்ந்து தின்கிற கோழிக்கும் முட்டைக்கும் உள்ளே ஏதோ ஒரு மீன்குஞ்சு இருக்கலாம். இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு ஆம்லெட் இறங்கவில்லை. (மறுநாள் இறங்கிவிட்டது. மனுஷ ஜென்மம்.)

நாட்டுப்படகுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 70-களிலேயே தமிழ்நாட்டுக் கரை முழுக்கச் சண்டை, வலை அறுப்பு, படகு எரிப்பு. 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது. பாக் விரிகுடாவில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. மிச்ச நாள் நாட்டுப்படகுக்கு. ஒரே குழாயடியில் முறை வைத்துத் தண்ணி பிடிக்கிற மாதிரி. 2001 முதல் ஏப்ரல் 15-ல் ஆரம்பித்து 45 நாள் தடைக்காலம், 2017-லிருந்து அது 61 நாள், ஜூன் 14 வரைக்கும். தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கும்போது கட்டுமாவடி மாதிரி ஊர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

அதே 1983-ல் ஜூலைக் கலவரம், அங்கே யுத்தம் ஆரம்பம். வடக்கு இலங்கை மீனவர்களைக் கடலுக்குள் விடாமல் கட்டுப்பாடு போட்டார்கள். அவர்கள் பக்கத்துக் கடல் ஆளில்லாமல் கிடந்தது. நம்ம பக்கம் அடிமண் காலியாகிவந்த நேரம் அது. மடி அந்தப் பக்கம் போனது. சுடப்பட்டார்கள், செத்தார்கள், ஆனாலும் போனார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் போய்ப் பழகிவிட்டது.

அக்கரையிலும் தமிழ்தான்

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. முகாமிலிருந்து திரும்பிய யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு மீனவர்கள் கடன்பட்டு ஒரு சின்னப் படகும் கொஞ்சம் வலையும் வாங்கிக் கடலில் இறங்கினார்கள். ராத்திரி வலை விட்டுவிட்டு விடியப் பார்த்தால் வலை இல்லை. இழுவைப் படகு வாரிக்கொண்டு போயிருந்தது. அவர்கள் பேசுவதும் தமிழ். அவர்கள் படகும் கட்டுமாவடிப் படகு மாதிரியேதான். யுத்த காலத்தில் "நம்ம ஆளுங்க" என்று கண்ணீர் விட்டோமே, அதே ஆட்கள்தான்.

2010 ஆகஸ்டில் அவர்கள் பிரதிநிதிகள் தமிழ்நாட்டுக்கே வந்தார்கள். அரசாங்கம் இல்லாமல், மீனவர்களும் மீனவர்களும் நேருக்கு நேர் பேசினார்கள். ஒரு வருஷத்துக்குள் இழுவைமடியை அந்தப் பக்கம் கொண்டுவருவதை நிறுத்திவிடுகிறோம் என்கிற அளவுக்குப் பேச்சு போனது. நடக்கவில்லை. 2014 ஜனவரியில் சென்னையிலும் மே மாதம் கொழும்பிலும் மறுபடி பேசினார்கள். அதுவும் நிற்கவில்லை. 2017 ஜூலையில் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. 2018 ஜனவரியில் வெளிநாட்டுப் படகுக்கு அபராதத்தைக் கோடிக்கணக்கில் ஏற்றியது.

நம்ம பக்கமும் 2017-ல் ஒரு திட்டம் போட்டார்கள். ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் இழுவைப் படகைக் கொடுத்துவிட்டு ஆழ்கடல் சூரைமீன் படகு வாங்கிக்கொள்ளலாம். மூணு வருஷத்தில் 2,000 படகு இலக்கு. படகு ஒன்று 80 லட்சம், அதில் 70 சதவீதம் மானியம். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் மிச்சப் பணம் புரட்டணும், ஒரு நாளில் திரும்பிவந்து பழகியவன் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கணும், தூண்டில் தொழில் புதுசாகக் கற்கணும், அந்தப் படகு கட்ட ஆழமான துறைமுகம் வேணும். சேறும் களியுமான நம்ம கரையில் அதற்கு எங்கே போவது? மூணு வருஷம் என்னைக்கோ முடிந்துவிட்டது, இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை.

2021-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 18 அன்று கோட்டைப்பட்டினத்திலிருந்து போன ஒரு விசைப்படகு இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதி மூழ்கி நாலு பேர் செத்தார்கள். கப்பல்தான் வந்து இடித்தது என்றார்கள் இங்கே. தப்பிக்கப் பார்த்துப் படகுதான் மோதியது என்றார்கள் அங்கே. அதே வருஷம் அக்டோபர் 17 அன்று வடக்கு இலங்கை மீனவர்கள் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறைக்குப் படகுப் பேரணி போனார்கள், இழுவைமடியை எதிர்த்து. மறுநாளே கோட்டைப்பட்டினத்து விசைப்படகு இன்னொன்று கடற்படையோடு மோதி மூழ்கியது, ஓர் இளைஞர் செத்துப்போனார். 2022 ஜனவரி கடைசியில் வடமராட்சிப் பக்கம் இரண்டு மீனவர்கள் கடலில் செத்தார்கள். அதற்கு இந்திய இழுவைப் படகுகள்தான் காரணம் என்று அங்கே மறியல். இந்தப் பக்கச் சாவு நமக்குச் செய்தி. அந்தப் பக்கச் சாவு நம்ம டிவியில் கீழ்வரியில்கூட ஓடவில்லை.

செத்தவர்கள் யார் என்பதையும் பார்க்கணும். படகு முதலாளிகள் இல்லை. டீசல் காசு, ஐஸ் காசு போக மிச்சத்தில் பங்கு வாங்குகிற கூலியாட்கள். அந்தப் பக்கம் போகாமல் திரும்பினால் பங்கே இல்லை, போனால் ஜெயில். 1887-ல் நட்ட ஈடு தர்பாருக்குப் போனது, உப்பு காய்ச்சியவனுக்கு இல்லை என்றேனே, அதே கணக்குதான். மானியத்துக்குப் படகின் சொந்தக்காரர்தான் கண்ணுக்குத் தெரிகிறார், படகில் போகிறவர் தெரிவதில்லை.

ஆவுளியா

கொஞ்சம் நல்ல சேதியும் சொல்லிவிடுகிறேன். கடல்பசுவுக்கு இந்தப் பக்கம் ஆவுளியா என்று பேர். உருவம் பெரிசு, சாது. ஒரு நாளைக்கு 30, 40 கிலோ கடல்புல்லை மேய்வதைத் தவிர வேறு எந்த வம்புக்கும் போகாது. ஒரு காலத்தில் கறிக்காகப் பிடித்தார்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு இதற்கும் உண்டு. 2022 செப்டம்பர் 21 அன்று தமிழ்நாடு அரசு அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரைக்குமான கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகம் என்று அறிவித்தது. இந்தியாவிலேயே முதல். கட்டுமாவடிக் கடல் அந்த நீளத்துக்கு நடுவில் வருகிறது. உள்ளூர்க்காரர்களுக்குப் புதுசாகத் தடை எதுவும் இல்லை என்றும் சொன்னார்கள். வலையில் மாட்டிய ஆவுளியாவை வலையை அறுத்து உயிரோடு விட்ட மீனவர்களைக் கூப்பிட்டு வனத்துறை பரிசு கொடுத்திருக்கிறது. வலை அறுந்தால் நட்டம் அவருக்குத்தான், ஆனாலும் விடுகிறார்கள்.

ஆவுளியா இருக்கணும் என்றால் புல் இருக்கணும். புல் இருக்கிற இடத்தில்தான் இறாலும் நண்டும். மீனவனும் கடல்பசுவும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். புல்லைத் தேடிப்பிடிக்க முடியாத அளவுக்கு மடி இழுத்துவிட்டு, அப்புறம் கோடு எங்கே இருந்தால் என்ன?

கஜா புயலையும் சொல்லாமல் விட முடியாது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கரை ஏறி, தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று உள்ளே போனது. 2004 சுனாமியில் இலங்கை குறுக்கே நின்றதால் பாக் விரிகுடாவின் உள்பக்கம் பெரிய அழிவில் இருந்து தப்பித்தது. கஜாவுக்கு அப்படி யாரும் குறுக்கே நிற்கவில்லை. மாமனார் தோப்பில் பாதித் தென்னை சாய்ந்தது. கடற்கரையில் படகுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. சாய்ந்த தென்னைக்குப் பதில் நட்ட கன்று இப்போதுதான் காய்க்கிறது. அந்த நவம்பரில் சென்னையில் என் தெருவில் ஒரு சொட்டு மழை இல்லை, ஒரு பேச்சும் இல்லை. தூரம் என்பது கிலோமீட்டரில் மட்டும் இல்லை போலிருக்கிறது.

என் கணக்கு

இவ்வளவும் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். கோட்டை நகர்த்துவதைப் பற்றி ஐம்பது வருஷமாகப் பேசுகிறோம். அது டெல்லியும் கொழும்பும் பேசவேண்டிய விஷயம், பேசட்டும். மடியை நிறுத்துவது பற்றிப் பேச நமக்கு யார் அனுமதியும் வேண்டாம். அது நம்ம படகு, நம்ம மானியம், நம்ம சட்டம். ஆனால் படகை மட்டும் பறித்துவிட்டு ஆளை நடுத்தெருவில் விட்டால் அது இன்னொரு 1887. படகில் கூலிக்குப் போகிறவருக்கு முதலில் வழி சொல்லிவிட்டுத்தான் படகை நிறுத்தணும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீங்கள் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். முக்கியமாகக் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்து நண்பர்கள். "ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு எங்க தொழிலைப் பத்திப் பேச வந்துட்டான்" என்று திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள், ஆனால் உங்கள் கணக்கையும் சொல்லிவிட்டுத் திட்டுங்கள். எனக்கு ஏலக்கடை வரைக்கும்தான் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் உங்களுக்குத்தான் தெரியும்.

மற்றவர்களுக்கு ஒரே ஒரு வேலை. அடுத்த தடவை மீன்கடையில் "ஃப்ரெஷ்ஷா?" என்று செவுளைத் தூக்கிப் பார்க்கும்போது, "எந்தப் படகு மீனுங்க, வலையா மடியா?" என்றும் கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். என்னையும் பார்த்தார். நாலைந்து வாரம் விடாமல் கேட்ட பிறகு இப்போது அவரே, "சார், இது வலை மீனு, தைரியமா வாங்குங்க" என்கிறார். நிஜமா, வியாபாரத் தந்திரமா, தெரியாது. ஆனால் அவருக்கும் இப்போது வித்தியாசம் தெரிந்திருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.